புதுப்பிப்பு: செல்வ நிலை விதியும் பன்னிரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்களும்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் எங்கள் விண்வெளிக் கதாபாத்திர விளையாட்டில் காசுக் கணக்குப் பார்ப்பதிலேயே மாலை முடிந்துவிடுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். அதற்கு மாற்றாக, ஒவ்வொருவருக்கும் 0 முதல் 10 வரை ‘செல்வ நிலை’ வைத்தேன். பொருளுக்கும் அதே அளவில் ஒரு ‘விலை நிலை’ உண்டு. அது செல்வ நிலைக்குக் கீழே என்றால் கேள்வியே இல்லை, வாங்கிக்கொள்ளலாம். சமம் என்றால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்தது 8 எடுக்க வேண்டும். மேலே என்றால் வாங்கலாம், ஆனால் செல்வ நிலை ஒன்று இறங்கும்.

ஞாயிறு நாகர்கோவிலில் ஆடிப் பார்த்தோம். அரை மணி நேரத்திலேயே ஒருவர் ‘கேள்வியே இல்லை’ என்று பன்னிரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்களை வாங்கி அடுக்கிவிட்டார். விதிப்படி சரிதான், எனக்குத்தான் மூச்சு முட்டியது.

தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் நண்பர்தான் வழி சொன்னார்: “ஒரு முழம் வாங்குகிறவர் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அண்ணாச்சி. மூட்டை எடுக்கிறவர்தான் விலையோடு மல்லுக்கட்டுவார்.” ஆகவே ஒரே பொருள் மூன்றுக்கு மேல் போனால் இனி விலை நிலை இரண்டு ஏறும்.

விண்கப்பல் வாங்கிய கடனை மட்டும் பழையபடி காசுக் கணக்கிலேயே விட்டுவிட்டேன். 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளிக் கதாபாத்திர விளையாட்டில் கப்பல் விலையில் 240இல் ஒரு பங்கை மாதாமாதம், 480 மாதம் கட்ட வேண்டும். அந்தத் தவணைப் பயம் இல்லாவிட்டால் சரக்கு ஏற்ற யார் கிளம்புவார்?

நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டு வாங்குவதற்கு இன்னும் விதி எழுதவில்லை.