நம்ம குடும்பம் குரூப்: ப்ளோரன்ஸ் சான் மார்கோ மடம்

நான்: (போட்டோ)

நான்: இன்னைக்கு இத்தாலில ப்ளோரன்ஸ்ல இருக்கற சான் மார்கோ மடத்துக்கு போயிட்டு வந்தேன். டொமினிக்கன் சாமியாருங்க இருந்த மடம், 1869லேர்ந்து மியூசியம். மாடிப்படி ஏறிப் போனா எதிர் சுவர்ல இதுதான் இருக்கு, கபிரியேல் சம்மனசு மாதாவுக்கு, இயேசு பிறக்கப் போறாருன்னு மங்கள வார்த்தை சொல்றது

அம்மா: மாதாவே 🙏🙏

அத்தை: ரெக்கைய பாருங்க எத்தன கலரு

அம்மா: சாப்டியாடி

நான்: சாப்டேன்மா. அந்த படத்துக்கு கீழ லத்தீன்ல ஒரு வரி எழுதியிருக்கு, இந்தப் பக்கமா போறவங்க அருள் நிறைந்த மரியே சொல்லாம தாண்டிப் போகாதீங்கன்னு

அம்மா: நீ சொன்னியா?

நான்: நின்னு முழுசா சொல்லிட்டுதான் உள்ள போனேன்மா

சித்தி: யார் வரைஞ்சது, பிரா ஆஞ்செலிகோ தானே? எங்க டிராயிங் கோர்ஸ் புக்ல இந்த படம் தபால் தலை சைஸ்ல இருந்துச்சு

நான்: அவரே தான் சித்தி. சொந்தப் பேரு குய்தோ தி பியெத்ரோ. சாமியாரானப்பறம் பிரா ஜொவான்னி. ஆஞ்செலிகோங்கறது பின்னாடி ஜனங்க வச்ச பேரு. 1455ல ரோம்ல இறந்தாரு, 1982ல இரண்டாம் ஜான் பால் பாப்பு அவர முத்திப்பேறு பெற்றவரா (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) அறிவிச்சாரு, அப்பறம் கலைஞர்களுக்கு பாதுகாவலர்

அத்தை: வரையறவங்களுக்குன்னு ஒரு பாதுகாவலர் இருக்காருன்னு இன்னைக்கு தான் தெரியும்

நான்: இனிமே தான் விஷயமே இருக்கு. மாடில வரிசையா சின்ன சின்ன ரூம், நாப்பதுக்கு மேல, ஒரு சாமியாருக்கு ஒரு ரூம். ரூமுக்கு ஒரு குட்டி ஜன்னல், அது பக்கத்துல அதே சுவர்ல ஒரு படம். படுக்கை மேசை இருந்திருக்கும், வேற அலங்காரம் ஒண்ணும் கிடையாது. அந்தப் படத்த அந்த ரூம்ல இருக்கற ஒரே ஒரு ஆளு தான் பாப்பாரு, காலைல எழுந்தா அது, ராத்திரி படுத்தா அது, சாகற வரைக்கும் அது. ஊரு பாக்கறதுக்கு, பேரு வாங்கறதுக்கு வரைஞ்ச படமே இல்ல இது, அத நெனச்சிட்டு ஒவ்வொரு ரூமா போனப்போ எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு

சித்தி: மூணாவது ரூம் படம் எடுத்தியா? அதுலயும் மங்கள வார்த்தை தான்

நான்: (போட்டோ)

சித்தி: ஆங் இதான். மொத படத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க எல்லாரும். மொதல்ல தோட்டம் இருக்கு, பூ இருக்கு, வேலி, தூண் எல்லாம் இருக்கு. இதுல ஒண்ணுமே இல்ல. வெள்ளச் சுவரு, வளைவு, ரெண்டு பேரு. ஓரமா ஒருத்தர் கை கூப்பி நிக்கறாரு பாருங்க, தலைல ரத்தம், அது 1252ல கொலை செய்யப்பட்ட டொமினிக்கன் பீட்டர். வரைய தெரியாம விட்டதில்ல இது, தெரிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்து வெளில வச்சிருக்காரு. நான் இத்தன வருஷமா பசங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுக்கறேன், சேக்கறதுக்கு சொல்லிக் குடுத்துடலாம், எடுக்கறதுக்கு சொல்லிக் குடுக்கறது தான் கஷ்டம்

தம்பி: ஒரு டவுட்டு. இவங்க பிச்சை எடுத்து சாப்பிடுற சபைன்னு தானே சொன்னாங்க, இவ்ளோ பெரிய மடம் கட்ட காசு எங்கேர்ந்து வந்துச்சு

நான்: கோசிமோ தெ மெதிச்சி குடுத்தாரு. பேங்க் ஓனர், அந்தக் காலத்துல ஊரையே கைல வச்சிருந்த ஆளு. 1436ல நாலாம் யூஜின் பாப்பு இந்த இடத்த பக்கத்து ஊரு பியெசோலேல இருந்த டொமினிக்கன்களுக்கு குடுத்தாரு, மிக்கெலோட்சோன்னு ஒருத்தர் கட்டினாரு, 1443 மூணு ராஜா திருநாளன்னைக்கு பாப்பரசரே இருந்து மந்திரிச்சாங்க

தம்பி: வட்டிக் காசுல கட்டின மடம்னு சொல்லு

அம்மா: டேய்

பெரியப்பா: அவன அதட்டாத, அவன் கேக்கறது சரியான கேள்வி. அந்தக் காலத்துலயே இதத்தான் எல்லாரும் கேட்டாங்க. டைப் பண்றேன் இருங்க

பெரியப்பா: அதுக்கு முன்னாடி இருந்த துறவிங்க, பெனடிக்ட் சபை மாதிரி, நிலபுலன் வச்சிருந்தாங்க, ஒரு மடத்துல சேந்தா அங்கேயே இருந்து அங்கேயே சாகணும். 1200 வாக்குல ஊரெல்லாம் பெருகிடுச்சு, கிராமத்த விட்டு ஜனம் வந்து குமியுது, வியாபாரம், நெசவு, கடன், எல்லாம் அங்க தான், ஆனா அவங்களுக்கு புரியற பாஷைல பிரசங்கம் வைக்க ஆள் போதல. அப்போ தான் பிரான்சிஸ்கன் சபைய ஆரம்பிச்ச அசிசியாரும், டொமினிக்கன் சபைய ஆரம்பிச்ச சாமிநாதரும் வர்றாங்க. சாமிநாதர் சபைக்கு 1216ல அனுமதி, அசிசியார் சபை ஒழுங்குக்கு 1223ல. நிலம் வேண்டாம், சொத்து வேண்டாம், கையேந்தி வாங்கி சாப்பிட்டுட்டு ஊர் ஊரா போய் பிரசங்கம் வைக்கறோம்ங்கறது அவங்க வழி

பெரியப்பா: ப்ளோரன்ஸ் மேப்ப எடுத்து பாரு தம்பி. பிரான்சிஸ்கன் கோயில் சான்தா குரோச்சே கிழக்க, டொமினிக்கன்களோட மொத கோயில் சான்தா மரியா நொவெல்லா மேற்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் கர்மேல் சபையும் அகுஸ்தினார் சபையும். எல்லாமே பழைய மதில் சுவருக்கு வெளில, ஏழைங்க குடியிருந்த ஓரத்துல. கடைசில வந்தவங்களுக்கு அங்க தான் இடம் கிடைக்கும், கூட்டம் நிக்க மைதானமும் அங்க தான் இருக்கும். அப்பறம் ஊரு வளந்து புது மதில் கட்டினப்போ எல்லாம் உள்ள வந்துடுச்சு

தம்பி: சரி பெரியப்பா, காசு?

பெரியப்பா: அதுக்கு தான் வர்றேன். அசிசியார் 1226ல இறந்தாரு, 1228லயே அசிசில அவருக்கு பெரிய பேராலயம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு பைசா கையால தொடாதீங்கன்னு சொன்ன மனுஷனுக்கு. அவர் கூட இருந்தவங்கள்லயே சில பேருக்கு அது தாங்கல. அந்த சண்டை நூறு வருஷம் ஓடுச்சு, சொத்தே கூடாதுன்னு பிடிவாதமா நின்ன நாலு பிரான்சிஸ்கன்கள 1318ல மார்செய்ல எரிச்சாங்க. 1323ல இருபத்திரெண்டாம் யோவான் பாப்பு, இயேசுவுக்கும் அப்போஸ்தலருக்கும் சொந்தமா ஒண்ணுமே இல்லன்னு சாதிக்கறது பதிதம், அதாவது சபை போதனைக்கு விரோதம்னே அறிவிச்சுட்டாரு. அதனால ஏழ்மைங்கறது அவங்களுக்கு பேச்சு இல்ல, உயிர் போற விஷயம்

அத்தை: எரிச்சாங்களா 😢 சாமியாருங்களையேவா

பெரியப்பா: ஆமாம்மா

நான்: கோசிமோ விஷயத்துல நான் பாத்தத சொல்றேன். மடத்துல அவருக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கு, 38, 39ன்னு நம்பர் போட்ட ரூமுங்க, ஜெபம் பண்ண வந்து தங்குவாராம். அதுல மூணு ராஜாக்கள் வந்து கும்புடற படம், பிரா ஆஞ்செலிகோவும் அவர் சிஷ்யர் பெனோட்சோ கொட்சோலியும் சேந்து வரைஞ்சது. கூட்டமா ஆளுங்க, பகட்டா துணிமணி. அங்கேர்ந்து திரும்பி வந்து சாமியாருங்க ரூமுல நின்னா சுண்ணாம்பு வெள்ளையும் மண் கலருமா இருக்கு. காசு குடுத்தவருக்கு ஒரு மாதிரி, கையேந்தறவனுக்கு ஒரு மாதிரி. எனக்கு மனசு நின்னது சாமியாருங்க ரூமுல தான்

தம்பி: அப்போ அவர் பாவத்த கழிக்க கட்டினாரா

நான்: வட்டி வாங்கறது பாவம்னு சபை சொல்லிட்டு இருந்த காலம், அது அவர் மனசுல உறுத்திட்டே இருந்துச்சுன்னும் பாப்பரசர் தான் இந்த மடத்த கட்டச் சொன்னாருன்னும் அவரப் பத்தி எழுதினவங்க சொல்றாங்க

பெரியப்பா: அங்க அந்தோனினுஸ்னு ஒரு மடாதிபதி இருந்தாரே, அவர விட்டுடாதீங்க. 1446ல ப்ளோரன்ஸுக்கே பேராயர் ஆனாரு, 1523ல புனிதர் பட்டம். 1442ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு, நல்லா வாழ்ந்து நொடிச்சுப் போய் வெளில சொல்ல வெக்கப்படற குடும்பங்களுக்கு ஊருக்குத் தெரியாம உதவி பண்றதுக்கு. பணக்காரன் கிட்ட வாங்கினது ஒரு பக்கம் படமாவும் கல்லாவும் நின்னுச்சு, இன்னொரு பக்கம் அந்த மாதிரி அடுப்பு எரிய வச்சுது. நான் ரெண்டையும் சேத்து தான் பாப்பேன்

அம்மா: அந்த மாதிரி ஒரு சங்கம் நம்ம பங்குலயும் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்

நான்: லைப்ரரி பாத்தீங்களா பெரியப்பா (போட்டோ) இதுவும் மாடில தான்

பெரியப்பா: அடடா. மிக்கெலோட்சோ கட்டினது, ரெண்டு வரிசை தூண். நிக்கொலோ நிக்கொலின்னு ஒருத்தர் வாழ்நாள் முழுக்க கையெழுத்துப் புத்தகமா சேத்து வச்சிட்டு 1437ல கடனோட செத்தாரு. கோசிமோ கடன அடைச்சு புத்தகத்த எல்லாம் இந்த மடத்துல வச்சாரு, சுமார் 400. சாமியாருங்க மட்டும் இல்ல, படிக்க வர்ற யாரும் பாக்கலாம்னு. ஐரோப்பாவுல அப்படி திறந்து வச்ச மொத லைப்ரரிகள்ல ஒண்ணு. சாமிநாதர் சபைல படிப்பு தான் மொத வேலை, படிக்காதவன் என்ன பிரசங்கம் வைப்பான்

சித்தி: ஏழாவது ரூம் படம் அனுப்புடா கண்ணா, கேலி பண்ற படம்

நான்: (போட்டோ)

அத்தை: ஐயோ இது என்ன, கை மட்டும் தனியா தொங்குது

சித்தி: அதான் அண்ணி. இயேசு கண்ணக் கட்டி உக்காந்திருக்காரு. அடிக்கிற ஆளுங்கள வரையல, அடிக்கிற கைய மட்டும் வரைஞ்சிருக்காரு, எச்சி துப்பற ஒரு தலை மட்டும் இருக்கு. கீழ மாதா ஒரு பக்கம், சாமிநாதர் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் மேல பாக்கல பாருங்க. சாமிநாதர் மடில புத்தகம், படிக்கறாரு. அவர் மனசுக்குள்ள ஓடறது தான் மேல தெரியுது. இயேசுவோட பாடுகள நடிச்சுக் காட்டற பாஸ்கு நாடகத்துல நம்ம ஊர்ல சாட்டையும் சத்தமுமா எல்லாத்தையும் காட்டுவோம்ல, இவர் ஒரு ஆளு அமைதியா உக்காந்து யோசிக்கறத வரைஞ்சிருக்காரு. 1440 வாக்குல இப்படி ஒரு படம்

நான்: புதுசா சேர்ற பசங்க ரூம் வரிசைல எல்லாமே சிலுவைல தொங்கற இயேசு படம் தான் சித்தி, கீழ சாமிநாதர். ஆனா ஒண்ணுல முட்டி போட்டிருக்காரு, ஒண்ணுல கைய விரிச்சிருக்காரு, ஒண்ணுல தன்னையே சாட்டையால அடிச்சுக்கறாரு. எப்படியெல்லாம் ஜெபம் பண்ணலாம்னு உடம்பால சொல்லிக் குடுக்கற மாதிரி

தம்பி: இத கேக்க நல்லா இருக்கு. ஆனா சவொனரோலாங்கற சாமியாரும் இதே மடம் தானே, ஆடம்பரம் கூடாதுன்னு பிரசங்கம் வச்சு படத்தயும் கண்ணாடியயும் போட்டு எரிச்சவரு

நான்: அதே மடம் தான். 1491ல மடாதிபதி ஆனாரு. அந்த எரிப்பு 1497 பிப்ரவரி. அடுத்த வருஷம் ஏப்ரல்ல ஜனமே மடத்த முற்றுகை போட்டுச்சு, உள்ளேர்ந்து மணி அடிச்சு ஆள் கூப்பிட்டாங்க, மே 23ல அவரையும் ரெண்டு சாமியாரையும் தூக்குல போட்டு எரிச்சாங்க. அந்த மணிய இறக்கி தெருத்தெருவா சாட்டையால அடிச்சுட்டே இழுத்துட்டுப் போய் ஊருக்கு வெளில பிரான்சிஸ்கன் மடத்துல நாடு கடத்தி வச்சாங்க, 1509ல தான் திரும்பி வந்துச்சு. இப்போ மடத்துல வச்சிருக்காங்க

அத்தை: மணிக்கு தண்டனையா

பெரியப்பா: ஆள் மேல இருந்த கோவம். அவர் கேட்டதுல நியாயம் இருந்துச்சு, ஆனா அவர் எரிச்சதும் கைல எழுதின புத்தகம், கைல வரைஞ்ச படம். அத நான் ஏத்துக்க மாட்டேன்

பெரியப்பா: சரி நம்ம ஊருக்கு ஒரு விஷயம். மோந்தெகொர்வினோ யோவான்னு ஒரு பிரான்சிஸ்கன், சீனாவுக்குப் போற வழில மயிலாப்பூர்ல தோமையார் கோயில்ல 13 மாசம் தங்கினாரு, 1291 வாக்குல. சீனாவுலேர்ந்து 1305ல எழுதின லெட்டர்ல அவரே சொல்றாரு. கூட வந்தவர் நிக்கோலாஸ்னு ஒரு டொமினிக்கன், இங்கேயே இறந்து அந்தக் கோயில்லயே அடக்கம். அவர் சொந்த ஊரு பிஸ்தோயா, நீ இருக்கற இடத்துலேர்ந்து பக்கம் தான்

நான்: பிஸ்தோயாவா?? ட்ரெயின்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது பெரியப்பா!! கொட்சோலி இறந்ததும் அந்த ஊர்ல தான், 1497ல

பெரியப்பா: அங்க சாமிநாதர் கோயில் ஒண்ணு இருக்கு, சான் தொமேனிக்கோன்னு கேளு. போனா நிக்கோலாஸ் பேர சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏத்து. அவர் ஊர்க்காரங்க யாராவது உள்ள இருந்தா மயிலாப்பூர்ல இருக்காருன்னு சொல்லு

நான்: சனிக்கிழமை போறேன்

சித்தி: போறதுக்கு முன்னாடி ஆறாவது ரூம் போட்டோவையும் போட்டுடு, இயேசு மலை மேல ஒளியா மாறின உருமாற்றம். கைய விரிச்சு நிக்கறது