கருமுட்டை தானத்தால் பிறந்த மகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

தண்டையார்பேட்டைத் தாய்:
எங்கள் மகளுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. வேறொரு பெண் தானமாக அளித்த கருமுட்டையில் உருவான கருவை நான் சுமந்து பெற்றேன் என்பது என் கணவருக்கும் மாமியாருக்கும் மட்டுமே தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் "குழந்தை யார் ஜாடை?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பதினெட்டு வயதில் சொல்லலாம் என்கிறார் கணவர். சொல்லவே கூடாது என்கிறார் மாமியார். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள எங்கள் தெருவில், குழந்தையே வெளியில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் அஞ்சுகிறேன்.

பெரம்பூர் வாசகி:
சகோதரி, இப்போதே தொடங்குங்கள். எங்கள் மகன் விந்தணு தானத்தால் பிறந்தவன். "பாப்பா உருவாக ஒரு விதை வேண்டும், அப்பாவிடம் அது இல்லை, முகம் தெரியாத ஒரு மாமா கொடுத்தார், நீ அம்மா வயிற்றில் வளர்ந்தாய்" என்று, அவன் முழுதாகப் புரிந்துகொள்ளும் முன்பிருந்தே, தூங்க வைக்கும்போது சொல்லி வந்தோம். ஏழு வயதில், "அந்த மாமா நம் வீட்டுக்கு வருவாரா?" என்று கேட்டான், வரமாட்டார், அவர் யாரென்று எங்களுக்கும் தெரியாது என்றதும் விளையாடப் போய்விட்டான். பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் சூசன் கோலம்போக்கின் குழுவினர் இத்தகைய குடும்பங்களை, பிள்ளைகளின் 20 வயது வரை தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியிட்ட ஆய்விலும், ஏழு வயதுக்கு முன்பே அறிந்தவர்களுக்குத் தாயுடனான உறவில் சிக்கல் குறைவாக இருந்தது. பதினெட்டு வயதில் சொன்னால், அத்தனை ஆண்டுகள் மறைத்ததே பிள்ளைக்குப் பெரிதாகத் தெரியும். குழந்தை வெளியில் சொல்லத்தான் செய்யும். அதற்கு முன் நெருங்கிய உறவினர் ஓரிருவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஊராரிடம், "ஆமாம், மருத்துவ உதவியோடு பிறந்தவள்" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

இராயபுரம் வழக்கறிஞர்:
தானம் அளித்தவர் உரிமை கோருவாரோ என்பது உங்கள் மாமியாரின் அச்சமாக இருக்கலாம். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். தானம் அளித்தவருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் இல்லை. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் பதிவு செய்த கொடையாளர்களின் அடையாளத்தைப் பிள்ளைகள் 18 வயதில் கேட்டறியலாம். இங்கே அந்த உரிமை இல்லாததால், "பெரியவளானதும் அவரைப் பார்க்கலாம்" என்று மகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டைத் தாய்:
இருவருக்கும் நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன். சொல்வதென்றால் அவரும் உடன் இருக்க வேண்டும் என்கிறார். தாய்வழியில் சர்க்கரை நோய் உண்டா என்று மகளிடம் பிற்காலத்தில் மருத்துவர் கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

பெரம்பூர் வாசகி:
"தெரியாது" என்று உண்மையாகச் சொல்வாள், அறியாமல் உங்கள் குடும்பத்து நோயைத் தன்னுடையதாகச் சொல்ல மாட்டாள். கொடையாளரின் வயது, இரத்த வகை, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றில் கிடைக்கக்கூடியதைச் சிகிச்சை பெற்ற மையத்தில் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.