தர்மபுரி என்று தேடினால் வராது

எம்.ஏ. சமூகவியல் தொலைதூரக் கல்வியில் படித்தபோது புராஜெக்டுக்கு வேடியப்பன் வழிபாட்டை எடுத்துக்கொண்டேன். அரூர், ஊத்தங்கரை பக்கம் வேடியப்பனைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ ஒரு பலகைக்கல், அதில் வில்லும் வாளுமாக ஒரு வீரன். ஆடு வெட்டிப் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைக்கு அந்தப் பேரையே வைக்கிறோம். அது பழைய நடுகல் என்பது இப்போது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அது எப்படிச் சாமியானது, யார் பூசை செய்வது என்று யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்காகப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்வந்த அனுபவத்தை, அடுத்து இதுபோல் ஆய்வு செய்யப்போகும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

உள்ளே நுழைவது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. படிப்பு மையத்திலிருந்து ஒரு கடிதம், அடையாள அட்டை நகல், நூலகருக்கு ஒரு விண்ணப்பம். உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஆய்வேடுகளை ஜெராக்ஸ் எடுக்கவும் விடவில்லை. அதனால் நோட்டுப் புத்தகம் கட்டாயம்.

நேராகச் சமூகவியல் அலமாரிக்குத்தான் போனேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி வரிசையில் 301-ல் சமூகவியல், 305-ல் சமூகக் குழுக்கள், 306-ல் பண்பாடும் குடும்பமும். தள்ளிப்போனால் 392, 394-ல் சடங்கும் திருவிழாவும், 398-ல் நாட்டார் வழக்காறு. நான் போன இடத்தில் 301 முழுக்கப் பாடநூல்களும் நெட் தேர்வு கைடுகளும்தான். துர்கைம், வெபர் போன்ற சமூகவியல் முன்னோடிகள் எல்லாம் ஓரத்தில் தூசியோடு இருந்தார்கள். உருப்படியாக உதவியது சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் குடகு மக்களைப் பற்றி 1952-ல் வெளியிட்ட ஆய்வு. கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதியார் மேல்சாதி வழக்கங்களை எடுத்துக்கொண்டு மேலே வர முயல்வதைச் சமஸ்கிருதமயமாதல் என்று அவர் விளக்கியிருப்பார். வெட்டவெளியில் நின்ற வேடியப்பனுக்குக் கோபுரம் எழுப்பி, ஐயரை வைத்துக் கும்பாபிஷேகம் செய்து, கிடா வெட்டைத் தள்ளி வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களே, அதைப் பார்க்க ஒரு கண் கிடைத்தது. எல்லா ஊருக்கும் அது பொருந்தாது, அது வேறு விஷயம்.

நம் மண்ணைப் பற்றிய சரக்கு அந்த அலமாரியில் இல்லை. கணினியில் தர்மபுரி என்று போட்டேன். விவசாயம், பெண் சிசுக்கொலை, குடிநீரில் ஃபுளோரைடு என்று அண்மைக்கால ஆய்வுகள் சில வந்தன, அவ்வளவுதான். பக்கத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தர்மபுரின்னு போட்டா வராதுக்கா. பழசு எல்லாம் சேலத்துல இருக்கும்."

யோசித்தால் எவ்வளவு சாதாரண விஷயம்! தர்மபுரி மாவட்டம் பிறந்ததே 1965 அக்டோபர் 2-ல்தான். அதற்கு முன் நாம் சேலம் ஜில்லா. 1883-ல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஜட்டியர், 1961 சென்சஸை ஒட்டி வந்த கிராம ஆய்வு நூல்கள் என்று எல்லாமே சேலம் என்ற பேரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் பின்னால் போனால் பாராமகால், நம் பகுதிக்கு அப்போது இருந்த பேர். 1792-ல் திப்புவோடு போட்ட உடன்படிக்கையில் அது கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிர்வாகம் செய்த காலத்து ஆவணங்கள் பிற்பாடு அச்சில் வந்தன. குடிமக்களைப் பற்றி அதில் தனிப் பிரிவே உண்டு. கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னும் ஒரு படி கூடுதலாக ஏறி இறங்க வேண்டும். 2004 பிப்ரவரி 9-க்கு முந்தைய உங்கள் ஊர்ச் செய்தி தர்மபுரியில் இருக்கும், 1965-க்கு முந்தையது சேலத்தில் இருக்கும். தமிழில் தேடும்போது தர்மபுரி, தருமபுரி இரண்டையும் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1975-ல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதி எனக்குத் 'தருமபுரி'யில்தான் அகப்பட்டது.

சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த ஆங்கிலேயர் தர்ஸ்டனைப் பற்றி ஒரு வார்த்தை. 1909-ல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய அந்த நூலை எல்லா ஆய்வேட்டிலும் மேற்கோள் காட்டியிருப்பார்கள். மூக்கு அகலம், தலைச் சுற்றளவு என்று அளந்த மனிதர் அவர். ஒரு சாதி என்றால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நினைப்பில் எழுதியது போலவே எனக்குப் படுகிறது. ஒரு சடங்கு நூறு வருடத்துக்கு முன் இருந்ததா என்று பார்க்க உதவும். அதைத் தாண்டி நம்ப வேண்டாம்.

எனக்குப் பெரிய புதையல், துறை நூலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய எம்ஃபில் ஆய்வேடுகள். முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே இலவசமாகப் படித்துவிடலாம். எம்ஃபில் ஏடுகள் பெரும்பாலும் அங்கே இருக்காது. நம் பக்கத்துப் பிள்ளைகள் சொந்த ஊருக்கே போய், தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவை. நடை கரடுமுரடு, கோட்பாட்டு இயல் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. ஆனால் பாரதக் கூத்தில் எந்தத் தெருவுக்கு எந்த நாள் மண்டகப்படி, படுகளத்தன்று துரியோதனன் உருவத்துக்கு மண் யார் சுமப்பது, முதல் மரியாதை யாருக்கு என்றெல்லாம் பேர் ஊரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். தகவல் சொன்ன பெரியவர்களில் பலர் இன்று இருக்க மாட்டார்கள்.

தமிழ் இலக்கிய அலமாரியையும் விட்டுவிடாதீர்கள். நம் தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமான் இறந்தபின் அவ்வை பாடிய புறநானூற்று 232-ஆம் பாட்டில், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் ஊற்றுவது வருகிறது. எங்கள் ஊரில் பீலி இல்லை, மது பாட்டில் உண்டு.

கல்வெட்டுப் புத்தகங்களைப் பிரித்தபோதுதான் புராஜெக்ட் திசை மாறியது. நடுகல் வாசகம் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், ஆநிரை கவர்ந்தபோது பட்டானா மீட்டபோது பட்டானா, அவ்வளவுதான். செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. தன் எருமைகளைக் காத்து விழுந்த கருந்தேவக்கத்திக்கு வைத்தது. அவனோடு இருந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பேரையும் வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குப் பேர் இருக்கிறது. வீரன் இன்னாருடைய இளமகன் என்று இருக்கிறது. இன்றைக்கு நாம் முதலில் கேட்கும் சாதி மட்டும் இல்லை.

எங்கள் ஊர்க் கல்லில் எழுத்து எண்ணெய் பட்டுப் பட்டுத் தேய்ந்துவிட்டது. அதனால் பக்கத்து ஊர்க் கல்லின் வாசகத்தை எழுதிக்கொண்டு போய்ப் பூசை செய்யும் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அந்தக் கல்லுக்கும் எங்கள் கல்லுக்கும் ஒரே பூசாரி முறைதான், அதில் எங்கள் வகையறாவுக்கும் இன்னொரு வகையறாவுக்கும் பல வருடமாக இழுபறி.

"அதுல நம்ம வகையறா பேரு வருதாம்மா?"

"இல்லீங்க பெரியப்பா."

"அவங்க பேரு?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கற்பூரம் எடுக்கப் போய்விட்டார். எதிர் வகையறாவில் ஒருவரிடமும் படித்துக் காட்டினேன். அவரும் அதே இரண்டு கேள்விகளை, ஆளை மட்டும் மாற்றிக் கேட்டார். அந்த இரண்டு பேச்சையும் அப்படியே புராஜெக்டின் கடைசி இயலாக எழுதினேன். வைவாவில் கேட்ட கேள்விகள் அத்தனையும் அந்த இயலிலிருந்துதான். தர்ஸ்டனை ஒருவரும் கேட்கவில்லை.