ஃபுல் பிளேட் கேமரா மலையேறப் போகிறது

குகை, சேலம்

மரக் கேமரா வைத்திருக்கிறவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டது நான்தான். அதனால் முதலில் நானே எழுதுகிறேன்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா சேலத்தில் குகை என்கிற இந்தப் பகுதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் போன பிறகு கேமரா பரணில் இருபத்தைந்து வருஷம் கிடந்தது. ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் தேக்கில் செய்த வாகீஸ்வரி கேமரா அது. ஃபுல் பிளேட் சைஸ், அதாவது ஆறரைக்கு எட்டரை அங்குலம். போன வருஷம் வீட்டை இடித்துக் கட்டும்போது கீழே இறக்கினோம். அதே வாரம் விலைக்குக் கேட்டு ஒருவர் வந்துவிட்டார். ஓட்டல் வரவேற்பறையில் வைப்பதற்காம். வார்னிஷ் அடித்து, லென்ஸ் இருக்கும் இடத்தில் பல்பு மாட்டுவார்களாம். அதுவரை பேசாமல் நின்ற அம்மா, "பல்பு மாட்டறதுக்கு எங்கப்பா இதை வாங்கலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது. இருட்டறையில் கேமராவுக்குள் செல்போன் டார்ச்சை எரியவிட்டு மூடிப் பார்த்தேன். லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் துருத்திதான் பெல்லோஸ். அதன் மடிப்பு மூலையெல்லாம் ஊசி ஊசியாக வெளிச்சம். நாற்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. கறுப்புப் பெயின்ட் தடவிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தடவினால் நாலு முறை மடக்கி விரிப்பதற்குள் உதிர்ந்துவிடும். கடைசியில் ஆர்மோனியம் சரிசெய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். துருத்தி மடிப்பு அவருக்குக் கைவந்த வேலை. பழையதைப் பிரித்து விரித்து அளவெடுத்தார். உள்ளே கறுப்புத் துணி, நடுவில் காகித அட்டைப் பட்டைகள், மேலே மெல்லிய ஆட்டுத்தோல் என்று மூன்று அடுக்காக ஒட்டி, ஈரம் காய்வதற்குள் மடித்துக் கயிறு கட்டி மூன்று நாள் வைத்துவிட்டார். அதற்கு அப்புறம் ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை.

படம் எப்படி விழுகிறது என்று பார்க்கும் பின்பக்கத் தேய்த்த கண்ணாடி உடைந்திருந்தது. அதை நானே செய்தேன். புதுக் கண்ணாடியின் மேல் சாணைக்குப் பயன்படும் கார்போரண்டம் தூளும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, இன்னொரு சின்னக் கண்ணாடித் துண்டால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கறகறவென்று சத்தம் வரும். தூள் பொடியாகப் பொடியாகச் சத்தம் அடங்கும். முக்கால் மணி நேரத்தில் பால் மாதிரி ஆகிவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர், தொலைந்துபோன இரண்டு திருகுகளைப் பித்தளையில் கடைந்து தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஃபிலிமுக்கு எக்ஸ்ரே ஃபிலிமைப் பிடித்துக்கொண்டேன். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் வருவதைச் சிவப்பு விளக்கில் வெட்டிக்கொள்ளலாம். இதில் நான் செய்த தப்பை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கேமராவின் பின்னால் செருகும் ஸ்லைடு என்கிற சட்டம், ஃபிலிமுக்கு முந்திய கண்ணாடி பிளேட்டுக்காகச் செய்தது. அதில் மெல்லிய ஃபிலிமை அப்படியே வைத்தேன். முதல் ஆறு படத்திலும் ஓரமெல்லாம் கத்தி மாதிரி கூர்மை, நடுவில் இருக்கும் முகம் மட்டும் மங்கல். லென்ஸ் கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் பார்த்தால், பின்னால் தாங்க எதுவும் இல்லாமல் ஃபிலிம் நடுவில் பின்வாங்கி வளைந்திருக்கிறது. தினசரி காலண்டர் அட்டையை பிளேட் கனத்துக்கு அளவாக வெட்டி ஃபிலிமுக்குப் பின்னால் வைத்தேன், சரியாகிவிட்டது.

முதல் நல்ல படம் அம்மாவுடையதுதான். திண்ணை நிழலில் உட்காரவைத்து, லென்ஸ் துவாரத்தை எஃப்/32 என்று மிகச் சின்னதாக வைத்து, லென்ஸ் மூடியைக் கழற்றி இரண்டு நொடி எண்ணி மறுபடி மூடினேன். அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அம்மாவின் குங்குமம் கன்னங்கரேல் என்று விழுந்திருந்தது, மூக்குத்திச் சிவப்புக் கல்லும் அப்படியே. தாத்தா எடுத்த பழைய படங்களில் பாட்டியின் பொட்டு ஏன் அவ்வளவு கறுப்பு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு விடை கிடைத்தது.

ஏற்காடு

அண்ணா, நான் வைத்திருப்பது ஹாஃப் பிளேட், உங்களுடையதைவிடச் சின்ன சைஸ். இங்கிலாந்துக் கேமரா, மகாகனி மரம், முன்னால் தார்ன்டன் பிக்கர்ட் கம்பெனியின் சுருள் ஷட்டர். கயிற்றை இழுத்து முறுக்கேற்றி, விசையைத் தட்டினால் உள்ளே துணித் திரை சுருண்டு ஓடும். திரை நைந்துபோனதால் நானும் மூடியைக் கழற்றித்தான் எடுக்கிறேன். இந்த மலையில் இது பெரிய குறையும் இல்லை. பனிமூட்ட நாளில் மரத்தடி வெளிச்சத்துக்கு ஒரு நொடிக்குக் குறைவாக எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

எனக்குத் தொல்லை ஈரம்தான். நவம்பரில் மரம் ஊதி, முன்பலகை சட்டத்தில் சிக்கிக்கொள்ளும். பலமாக இழுத்தால் பித்தளை பிய்ந்துவிடும். மெழுகுவத்தியைச் சட்டத்தில் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும். எண்ணெய் மட்டும் போட வேண்டாம், மரம் குடித்துவிடும். இன்னொரு விஷயம், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் மூச்சுக்காற்றிலேயே தேய்த்த கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது. மூக்குக்கு மேல் மட்டும் உள்ளே இருக்கும்படி துணியைப் போர்த்திக்கொள்ளப் பழகிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களை எடுக்க, பகோடா பாயின்ட் போகும் வழியில் ஸ்டாண்டைப் போட்டிருந்தேன். செல்போனை அண்ணாந்து பிடித்தால் மரங்கள் பின்னால் சாய்ந்த மாதிரி விழும். இதில் கேமராவை நேராக வைத்து லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்றினால், அடியிலிருந்து நுனி வரை மிளகுக் கொடியோடு நெட்டுக்குத்தாக வந்து நிற்கும். அதைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து வேலை முடித்து வந்த ஒரு ஆயா என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். துணிக்குள் பார்க்கச் சொன்னேன். உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. "என்ன சாமி, மரமெல்லாம் தலைகீழாத் தொங்குது" என்றார். அப்புறம் மெதுவாக, "இலை ஆடறதுகூடத் தெரியுது" என்றார்.

தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். ஆதார் அட்டைக்கு எடுத்ததைத் தவிர வேறு படம் அவருக்கு இல்லை. மூன்று நொடி ஆடாமல் இருக்க வேண்டும் என்றேன். அவர் அப்படி நின்ற மாதிரி இதுவரை என் முன்னால் யாரும் நின்றதில்லை. நான் மூடியைப் போட்ட பிறகும் அசையவில்லை, "போதுமா?" என்று உதடு அசையாமல் கேட்டார். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார்.

அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிமில் எனக்குக் கீறல் அதிகம் விழுகிறது. நீங்கள் எப்படிக் கழுவுகிறீர்கள்?

அம்மாபேட்டை, சேலம்

தம்பிக்கும் அந்தப் பெண்ணுக்கும் வணக்கம். எனக்கு எழுபத்தாறு வயது, நெகட்டிவ் டச்சிங் செய்தவன். ஜன்னலோரம் சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்போம். அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையமும் நெகட்டிவில் வெளிச்சமாக இருக்கும், அதைப் பென்சிலால் அடைப்பது. ஃபுல் பிளேட்டில் முகம் பெரியது என்பதால் வேலை சுகமாக இருக்கும். பிற்பாடு சின்ன ஃபிலிம் வந்ததும் என் கண் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

படத்தை நிலைக்க வைக்கும் கரைசலான ஹைப்போ பழையதானதும் கீழே கொட்டிவிடாதீர்கள். கழுவும்போது ஃபிலிமிலிருந்து வெள்ளி அதில்தான் இறங்குகிறது. நாங்கள் மண் மொடாவில் சேர்த்து வைப்போம், வெள்ளிப் பட்டறைக்காரர் வந்து விலை பேசி எடுத்துக்கொண்டு போவார். முகம் பிடித்த வெள்ளி கொலுசாகிப் போகிறது என்று என் முதலாளி சொல்வார்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வட்டாரத்துக்குப் பெரிய கேமரா புதிதல்ல. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு இடங்களையும் எடுத்து 1858-ல் தொகுப்பாக வெளியிட்டார். நெகட்டிவுக்கு மெழுகு ஏற்றிய காகிதம். அந்தப் பாறைகளைப் பார்த்தால் இப்போதும் ஏறிவிடலாம் போலிருக்கும்.

குகை, சேலம்

ஐயா, உங்கள் கைபட்ட நெகட்டிவ் ஏதாவது தாத்தாவின் பெட்டியில் இருக்கலாம். இந்த வாரமே எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வருகிறேன். ஹைப்போவை ஆறு மாதமாகக் கேனில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன், கொலுசு நண்பரிடமே கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி, கீறலுக்கு வருகிறேன். எக்ஸ்ரே ஃபிலிமில் படம் பதியும் மருந்துப் பூச்சு இரண்டு பக்கமும் உண்டு, அதனால் அடிப்பக்கம் தட்டில் உரசினாலே கோடு விழும். தட்டின் அடியில் வழவழப்பான கண்ணாடி ஒன்றைப் போடு. ஒரு தட்டில் ஒரே ஃபிலிம். நகத்தை ஒட்ட வெட்டிவிடு. படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரைத் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்தால் படம் நிதானமாக ஏறும், சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். இங்கே ஏப்ரலில் குழாய்த் தண்ணீரே வெந்நீர் மாதிரி வரும், ஃபிலிமின் மருந்துப் பூச்சு இளகிக் கை பட்ட இடமெல்லாம் வழிந்துவிடும். நான் தட்டைப் பெரிய பேசினுக்குள் வைத்துச் சுற்றிலும் ஐஸ் கட்டி போடுகிறேன். மலையில் உனக்கு அந்தத் தொல்லை இருக்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கேமராவோடு ஏற்காடு வருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைக்க முடியாது, துண்டில் சுற்றி மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் அந்த ஆயாவிடம் சொல்லிவை. வெளிச்சம் நிதானமாக இருக்கும்போது ஃபுல் பிளேட்டில் இன்னொன்று எடுத்துவிடுவோம்.