தீ விபத்து அழைப்புக்கு சொந்த வண்டியில் கிளம்பும் தன்னார்வலர்கள்: சைரன், வேகம், தண்ணி டேங்க் பற்றி விளக்கம் வேணும்

மலையோரம்_14

அண்ணன்மாரே, கன்னியாகுமரி மாவட்டத்துல அருமனை, கடையாலுமூடு பக்கம் 14 பேர் சேர்ந்து தீயணைப்புத் துறைக்கு உதவியா ஒரு தன்னார்வக் குழு வச்சிருக்கோம். ரப்பர் ஷீட்டைக் காய வைக்கிற புகைக்கூடு பத்திக்கிறது, மாடு கிணத்துல விழுறது, மழைக்கு மரம் சாய்ஞ்சு ரோட்டை மறிக்கிறது, இதுதான் அதிகம். அழைப்பு வாட்ஸ்அப் குழுவுல வரும். உடனே எல்லாரும் பைக் எடுத்துக் கிளம்பிருவாங்க. சில வண்டில மூணு பேர், ஹெல்மெட் கிடையாது. தீயை விட இவங்க போற வேகம்தான் பயமா இருக்கு.

கேள்விகள்:
1. பைக்குல சைரனும் நீல ஃபிளாஷ் லைட்டும் மாட்டலாமான்னு ரெண்டு பேர் கேக்காங்க. சட்டத்துல இடம் உண்டா?
2. ஒரு டாடா ஏஸ் (சின்ன சரக்கு வண்டி) கிடைக்கும் போல. அதுல 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கும் பெட்ரோல் பம்பும் வைக்கலாமா?
3. ஓட்டுறவங்களுக்குன்னு குழுவுல என்ன விதி போடலாம்?

---

ஆர்சி_புக்

முதல் கேள்விக்குப் பதில்: மாட்டக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119 பல தொனியில் ஒலிக்கிற ஹாரனையும் சைரனையும் தடை செய்யுது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி மாதிரி சில வண்டிகளுக்குத்தான் விலக்கு. சுழல் விளக்குக்கு விதி 108. அதுவும் 2017 மே 1-க்குப் பிறகு இன்னும் இறுகிப்போச்சு. தன்னார்வலர் அடையாள அட்டை கழுத்துல இருந்தாலும் உங்க பைக் சட்டத்தின் கண்ணுல சாதாரண பைக்தான்.

இதுல நிறைய பேர் குழம்புற இடம் ஒண்ணு உண்டு. அவசர வண்டிக்கு வழி விடலைன்னா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194இ-படி 10,000 ரூபா அபராதம், 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். அந்தப் பாதுகாப்பு தீயணைப்பு வண்டிக்கு. அது பின்னால போற உங்க பைக்குக்கு இல்ல. தீயணைப்பு வண்டி அவசரப் பணியில சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம்; அதுக்கே முழு கவனத்தோட ஓட்டணும்னு நிபந்தனை இருக்கு. ஒருத்தரை இடிச்சிட்டு "அவசரம்"னு சொல்லித் தப்ப முடியாது.

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல தன்னார்வத் தீயணைப்பு வீரர் சொந்தக் கார்ல நீல விளக்கு போடலாம். ஆனா அது வெறும் வேண்டுகோள் விளக்கு. எதிர்ல வர்றவர் மரியாதைக்கு ஒதுங்கலாம், ஒதுங்கணும்னு கட்டாயம் இல்ல. விளக்கு போட்டவருக்கு சிக்னலையோ வேக வரம்பையோ மீற உரிமையும் இல்ல. விளக்கை அனுமதிக்கிற ஊர்லயே நிலைமை அதுதான்.

மூணு பேர் போறதும் ஹெல்மெட் இல்லாததும் அபராதத்தோட முடியாது. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் இழப்பீட்டைக் குறைக்க அதையே காரணமாக் காட்டுவாங்க. பைக்குல சைரன் இருந்தா, அனுமதியில்லாத மாற்றம்னு அதையும் சேர்த்துக்குவாங்க.

---

இறக்கத்துல_செகண்ட்_கியர்

வேகத்துக்கு ஒரு கணக்கு சொல்றேன். இதைக் குழுவுல எல்லாரையும் பேப்பர்ல எழுதிப் பாக்கச் சொல்லுங்க.

சம்பவ இடம் 4 கிலோமீட்டர்னு வைங்க. சராசரி 30-ல போனா 8 நிமிஷம். சராசரி 40-ல போனா 6 நிமிஷம். மிச்சம் 2 நிமிஷம். ஆனா உங்க பக்கத்து ரோட்டுல சராசரியை 10 கூட்டணும்னா, வளைவுல எப்படியும் வேகம் குறையும்ங்கிறதால நேரா இருக்கிற துண்டுல 70, 80 பிடிக்கணும். அந்த 2 நிமிஷத்துக்கு விலை கீழ இருக்கு.

ஆபத்தைக் கண்ணு பாத்து கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகும். 40-ல அதுக்குள்ள வண்டி 17 மீட்டர் போயிருக்கும், 60-ல 25 மீட்டர். அதுக்கு மேல பிரேக் பிடிச்ச தூரம்: காஞ்ச தார் ரோட்டுல 40-க்கு சுமார் 9 மீட்டர், 60-க்கு 20 மீட்டர். நனைஞ்ச ரோட்டுல 40-க்கு 16, 60-க்கு 35. அப்போ மழையில 60-ல போறவனுக்கு நிக்க மொத்தம் 60 மீட்டர் வேணும். ரெண்டு பக்கமும் கல் மதிலும் மரச்சீனிக் (மரவள்ளி) கொல்லையுமா இருக்கிற விளை (தோட்டம்) ரோட்டு வளைவுல 25 மீட்டருக்கு அப்பால பல இடத்துல ஒண்ணும் தெரியாது. கண்ணுக்குத் தெரியிற தூரத்துல பாதிக்குள்ள நிறுத்த முடியணும். எதிர்ல வர்றவனுக்கும் மறு பாதி வேணும்ல. ஒத்தை வண்டி அகலத்து ரோட்டுல இதை விட்டா வேற விதி கிடையாது.

நம்ம மாவட்டத்துக்குன்னு சில இடைஞ்சல் இருக்கு:

ரப்பர் இலை. டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரை உதிரும். பனியிலயோ தூறல்லயோ நனைஞ்ச இலை மேல முன் பிரேக்கை இறுக்குனா டயர் சறுக்கிரும். மரத்தடி வர்றதுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சிரணும், இலை மேல வண்டி நேரா உருளட்டும்.

முதல் மழை. பல நாள் வெயில் அடிச்சு முதல்ல பெய்யிற அரை மணி நேரம்தான் மோசம். ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் மேல வந்து நிக்கும். நல்லா கழுவி ஓடின பிறகு பரவாயில்ல.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்து. தென்மேற்குப் பருவக் காத்துல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை அங்க பக்கவாட்டுல அடிக்கும். லாரியோட மறைவுல இருந்து வெளிய வந்த உடனே பைக்கை ஒரு முழம் தள்ளிரும். தோவாளைப் பக்கம் உதவிக்குப் போறவங்க லாரியை முந்தும்போது இதை மனசுல வைக்கணும்.

அப்புறம் கேரளாவுக்கு கல்லும் எம்-சாண்டும் (கல்லை உடைச்சு செய்யிற மணல்) ஏத்திப் போற டாரஸ்ங்கிற பெரிய லாரிங்க. சுமையோட இறங்குற டாரஸ் உங்களைப் பாத்தாலும் சட்டுனு நிக்காது. வளைவுல அது நடு ரோட்டுக்கு வரும்ங்கிற நினைப்புலயே ஓட்டுங்க.

ஹசார்டு லைட் போட்டுட்டு ஓடுறது இன்னொரு தப்பு. நாலும் மின்னும்போது எந்தப் பக்கம் திரும்பப் போறீங்கன்னு பின்னால வர்றவனுக்குத் தெரியாது. ஹை பீமும் வேண்டாம், எதிர்ல வர்றவனோட கண்ணு கூசுனா அவன் உங்க மேலயே வந்து விழுவான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குல ஹெட்லைட் எப்பவும் எரியும், அந்த லோ பீமே போதும்.

---

மலையோரம்_14

அண்ணே, கணக்கு புரியுது. ஆனா பசங்க கேக்குறது இதுதான்: "புகைக்கூடு பத்தினா பத்து நிமிஷத்துல ஷீட் எல்லாம் போயிரும். மெதுவாப் போய் என்ன பண்ண?" இதுக்கு என்ன சொல்லட்டும்?

---

ஜங்ஷன்_டார்ச்

நேரத்தை ரோட்டுல தேடாதீங்க தம்பி. கிளம்புறதுக்கு முன்னாடிதான் அது கொட்டிக் கிடக்கு.

வாட்ஸ்அப்புல அழைப்பு வந்த உடனே 14 பேரும் "எங்க?", "யார் வீடு?"ன்னு எழுதிக்கிட்டிருந்தா அங்கேயே 3 நிமிஷம் போகும். அதுக்குப் பதிலா ஒருத்தரை ஒருங்கிணைப்பாளரா வைங்க. வீட்டுலயே இருந்து போனை மட்டும் பாக்குறது அவர் வேலை. வாரத்துக்கு ஒருத்தர்னு முறை மாத்திக்கலாம். அழைப்பு வந்தா முதல்ல 101-க்குத் தகவல் போயிருச்சான்னு அவர் உறுதி பண்ணணும். குழு கிளம்பிட்டு நிலையத்துக்குச் சொல்லாம விடுறதுதான் பெரிய தாமதம். அப்புறம் ஊர், விளை பேர், பக்கத்துல இருக்கிற கோயிலோ சர்ச்சோ, எந்த ரோடு வழியா வரணும்னு ஒரே ஒரு செய்தி. மார்த்தாண்டம்னு சொன்னா மேம்பாலத்துக்குக் கீழயான்னு கேட்டே ஆகணும். தெரியாம பாலத்துல ஏறிட்டா சந்தையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுரும், திரும்பி வர்றதுக்குள்ள நேரம் போயிரும்.

முதல்ல "வர்றேன்"னு சொல்ற 4 பேர் மட்டும் கிளம்பணும். மத்தவங்க வீட்டுல தயாரா இருக்கட்டும், தேவைன்னா கூப்பிடலாம். 14 பைக் ஒரே ஒழுங்கைக்குள்ள (குறுகலான சந்து) போனா தீயணைப்பு வண்டிக்கு எதிரி அந்த 14 பைக்தான். போறவங்க போனைப் பைக்குள்ள போட்டுரணும். புதுத் தகவல் இருந்தா ஒருங்கிணைப்பாளர் கூப்பிடுவார், வண்டியை ஓரம் கட்டிட்டு எடுத்தா போதும். "வேண்டாம், திரும்புங்க"ன்னு வந்தா அந்த நிமிஷத்துல இருந்து சாதாரண ஓட்டம்.

அந்த நாலுல ஒருத்தர் தீ எரியிற இடத்துக்கே போகக்கூடாது. மெயின் ரோட்டுல இருந்து ஒழுங்கை பிரியிற ஜங்ஷன்ல டார்ச்சோட நிக்கணும். குலசேகரத்துல இருந்தோ தக்கலையில இருந்தோ வர்ற வண்டிக்கு ராத்திரி எந்த ஒழுங்கைன்னு தெரியாம முன்னால போயிட்டா, அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பிக் கொண்டு வரவே 5 நிமிஷம் வேணும். வேகமா ஓட்டி மிச்சம் பிடிக்கிற 2 நிமிஷத்தை விட இது பெரிசு. உங்க பசங்களுக்கு நான் சொல்ற பதில் இதுதான்.

இன்னொண்ணு, அழைப்பு இல்லாத ஞாயித்துக்கிழமையில டேப் எடுத்துட்டு ஒழுங்கையெல்லாம் அளந்து வைங்க. தீயணைப்பு வண்டி அகலம் ரெண்டரை மீட்டருக்கு ஒட்டி வரும். உருண்டு போக 3 மீட்டர் வேணும், கதவைத் திறந்து ஹோஸ் இறக்க 4 மீட்டருக்கு மேல வேணும். எந்த ஒழுங்கையில மதில் நெருக்குது, எங்க கரண்டு கம்பி தாழ்ந்து கிடக்கு, எந்த ஓடைப் பாலம் பழசு, எந்தக் குளத்துக்கு வண்டி இறங்க வழி இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி நிலையத்துக்கு ஒரு படி குடுங்க.

---

பம்ப்_மெக்கானிக்

ரெண்டாவது கேள்வியை யாரும் தொடலை. 500 லிட்டர் வேண்டாம்.

ஏஸ் தாங்குற சுமை சுமார் 750 கிலோ. மாடலுக்கு மாடல் மாறும். ஆர்சியில மொத்த எடையில இருந்து வெற்று எடையைக் கழிச்சுப் பாருங்க. தண்ணி 500 கிலோ, டேங்கும் இரும்புச் சட்டமும் 50, பம்பு, சக்‌ஷன் ஹோஸ், டெலிவரி ஹோஸ் எல்லாம் சேர்ந்து 120. 670 ஆச்சு. ஓட்டுநரோட இன்னொருத்தர் 140. 810. கிளம்பும்போதே அளவு தாண்டியாச்சு.

எடையை விட மோசம் தண்ணியோட ஆட்டம். நின்ன வாக்குல இருக்கிற வட்ட டேங்க் பாதி காலியா இருந்தா, வளைவுல தண்ணி ஒரு பக்கமா ஏறி நிக்கும், வண்டி சாயிற நேரத்துல அதுவும் சேர்ந்து தள்ளும். பிரேக் பிடிச்சா ஒரு நொடி கழிச்சு முன்னால வந்து மோதும், நின்ன வண்டி மறுபடி நகரும். அதனால டேங்க் முழுசா நிறைஞ்சிருக்கணும், இல்ல முழுசாக் காலியா இருக்கணும். பாதித் தண்ணியோட திரும்பி ஓட்டக்கூடாது, அங்கேயே திறந்து விட்டுருங்க.

செய்யிறதா இருந்தா 300 லிட்டர், படுத்த வாக்குல, உள்ள தடுப்புத் தகடு வச்சது. வண்டித் தளத்துக்கு நடுவுல, பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால வைங்க. சட்டத்தோட போல்ட் போட்டு, மேல ரெண்டு ராட்செட் பெல்ட். பிளாஸ்டிக் கயிறு வெயில்ல இத்துப் போகும். பின்னால ஆள் உக்காரவே கூடாது. பெட்ரோல் கேனைப் பம்போட கட்டாம தனிப் பெட்டியில வைங்க. டயர் காத்தை சுமைக்குரிய அளவுக்கு வாரம் ஒருக்கா பாருங்க. மாசக்கணக்குல சுமையோட சும்மா நிக்கிற வண்டியிலதான் டயர் பக்கவாட்டுல வெடிக்கும். பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கத்து இறக்கத்துல நியூட்ரல்ல விடக்கூடாது. ஏறுன கியர்லயே இறங்கணும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குனா டிரம் சூடாகி மிதி உள்ள போகும்.

என் அபிப்பிராயம் கேட்டா, தண்ணியே வேண்டாம். பம்பும் அடிவால்வு (இழுத்த தண்ணி திரும்பி இறங்காம தடுக்கிற வால்வு) வச்ச சக்‌ஷன் ஹோஸும் மட்டும் ஏத்துங்க. நம்ம பக்கம் குளத்துக்கும் கால்வாய்க்கும் பஞ்சமில்ல. தண்ணி மட்டம் பம்புல இருந்து 7 மீட்டருக்குள்ள இருந்தா இழுக்கும். ஆழக் கிணத்துக்கு இது ஆகாது. 300 லிட்டர் எப்படியும் சில நிமிஷத்துல தீர்ந்திரும். குளம் தீராது, வண்டியும் லேசா இருக்கும்.

லைசென்ஸ் சந்தேகம் வரும், அதையும் சொல்லிடுறேன்: மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ்ல ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணியிருக்கு.

---

இறக்கத்துல_செகண்ட்_கியர்

மூணாவது கேள்விக்கு, விதியா எழுதி ஒட்டக்கூடியது இன்னும் கொஞ்சம்.

தீயணைப்பு ஹெல்மெட் ரோட்டுக்கு ஆகாது. அது மேல இருந்து விழுற பொருளுக்கும் சூட்டுக்கும் செஞ்சது. ஓட்டும்போது ஐஎஸ்ஐ ஹெல்மெட், அங்க போய் மாத்திக்கணும். கம்பூட் போட்டு பைக் ஓட்டக்கூடாது, கியரும் பின் பிரேக்கும் காலுக்குத் தெரியாது. பையில போட்டுட்டுப் போங்க. கைலி, ரப்பர் செருப்போட கிளம்புறதும் கூடாது. 6 கிலோ தீயணைப்பானை மடியில வச்சுட்டுப் போறது, பின்னால இருக்கிறவர் கடப்பாரையைப் பிடிச்சுட்டு வர்றது, ரெண்டும் அறவே வேண்டாம். அதெல்லாம் ஏஸ்ல வரட்டும்.

ராத்திரி 2 மணிக்குத் தூக்கத்துல இருந்து எழுந்தா முகம் கழுவி, தண்ணி குடிச்சு, 2 நிமிஷம் கழிச்சுதான் சாவியைத் தொடணும். குடிச்சிருந்தா அன்னைக்கு அவர் பேரே பட்டியல்ல வரக்கூடாது. சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். குழுவோட வரம்பு பூஜ்யமா இருக்கட்டும்.

தீயணைப்பு வண்டி முன்னால போனா அதோட வாலைப் பிடிச்சுட்டு ஓடக்கூடாது. பெரிய வண்டி போனதும் ஒதுங்கி நின்னவங்க எல்லாரும் ரோட்டுக்குத் திரும்புவாங்க, இன்னொண்ணு வரும்னு யாரும் பாக்க மாட்டாங்க. 150 மீட்டர் விடுங்க. பள்ளிக்கூடம் தொடங்குற, விடுற நேரத்துல அதையும் கூட்டுங்க.

---

ஜங்ஷன்_டார்ச்

அங்க போய்ச் சேர்ந்த பிறகு ஒண்ணு: பைக்கை ஒழுங்கைக்குள்ள கொண்டு போகாம 100 மீட்டர் முன்னாலயே, எல்லாரும் ஒரே பக்கமா, முகப்பு வெளியே பாக்க நிறுத்துங்க. ஹோஸ் ரோட்டுக்குக் குறுக்க கிடந்தா அது மேல வண்டி ஏத்தக்கூடாது. அழுத்தம் இருக்கும்போது ஏறுனா ஹோஸ் கிழியும், உள்ள நாசில் பிடிச்சு நிக்கிறவரைத் தண்ணி உதறித் தள்ளும்.

திரும்பி வர்றதுதான் யாரும் நினைக்காத பகுதி. ஈர ஷீட்டும் தேங்கா மட்டையும் புகையும்போது கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். தலைவலி, குமட்டல், கண்ணு இருட்டுறது இருந்தா அவர் வண்டி எடுக்கக்கூடாது. காத்தோட்டமான இடத்துல உக்கார வைங்க, குறையலைன்னா 108 ஆம்புலன்ஸ். ஒண்ணும் இல்லாதவங்களும் 20 நிமிஷம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பட்டும். எல்லாரும் வீடு சேர்ந்ததை ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அன்னைக்கு அழைப்பு முடிஞ்சதுன்னு நோட்டுல எழுதணும்.

---

மலையோரம்_14

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. சைரன் பேச்சை இன்னைக்கே நிறுத்தியாச்சு. டேங்கை விட்டுட்டு பம்பு மட்டும் பாக்குறோம். இந்த ஞாயிறு களியல் பக்கத்து ஒழுங்கைகளை அளக்கத் தொடங்குறோம், நோட்டோட படியைக் குலசேகரம் நிலையத்துல குடுத்துர்றேன். பம்பு வாங்கும்போது சக்‌ஷன் ஹோஸ் எத்தனை மீட்டர் எடுக்கணும்?

---

பம்ப்_மெக்கானிக்

6 மீட்டரா ரெண்டு துண்டு, வளைஞ்சா நசுங்காத கம்பிச் சுருள் வச்சது. கப்ளிங் வாஷர் நாலு உபரியா எடுங்க. காத்து உள்ள புகுந்து பம்பு இழுக்காம நிக்கிறது முக்காவாசி அந்த வாஷர்லதான்.