வழிபாடு நின்றுபோன பார்த்தெனானைக் கிரேக்கர்கள் ஏன் இன்னும் போற்றுகிறார்கள்?

கேள்வி (ஆர்.கே. புரம், புது தில்லி)

வணக்கம். சென்ற வாரம் மலை மந்திரில் முருகனைத் தரிசித்துவிட்டுப் படி இறங்கும்போது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். இந்தச் சிறு குன்றின் மீது விளக்கு எரிகிறது, அபிஷேகம் நடக்கிறது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் நிற்கும் பார்த்தெனான் என்னும் பழங்கோயிலில் பூசையும் இல்லை, மூலவரும் இல்லை, கூரையும் இல்லை. பிறகு எதற்காக அந்நாட்டார் அதைத் தங்கள் உயிராகக் கருதுகிறார்கள் என்றாள். பழமையும் அழகும்தான் காரணம் என்று நான் சொன்ன விடை எனக்கே போதவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மயூர் விகார்)

அம்மா, உங்கள் மகள் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறாள். அக்குன்றில் மிகப் புனிதமாகக் கருதப்பட்டது பார்த்தெனானில் இருந்த, பொன்னும் தந்தமும் இழைத்துச் சிற்பி ஃபிடியாஸ் செய்த, ஏதென்ஸின் காவல் தெய்வமான அதீனாவின் பெரிய சிலை அன்று. ஒலிவ மரத்தில் செய்த, மிகப் பழைய வேறொரு அதீனா திருவுருவமே. அதீனாவுக்கு எடுத்த பனதெனையா என்னும் விழாவில் நெய்து கொண்டுவரப்பட்ட ஆடை அந்த மரத்திருமேனிக்கே உரியது.

குன்றின் மேல் அதீனாவே அளித்ததாக நம்பப்பட்ட ஓர் ஒலிவ மரமும் இருந்தது. நம் வழக்கில் தலவிருட்சம் என்றே சொல்லலாம். கி.மு. 480இல் பாரசீகர்கள் குன்றின் கோயில்களை எரித்தபோது அதுவும் எரிந்தது. மறுநாளே அதன் அடிமரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் துளிர் விட்டிருந்தது என்று பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எரிந்த கோயிலின் தூண் துண்டுகளை ஏதென்ஸ் மக்கள் குன்றின் வடக்கு மதிலில், கீழே நகரிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணில் படும்படி, பதித்து வைத்தார்கள். கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடிந்த பார்த்தெனான் அந்த அழிவின் நினைவோடு எழுந்தது என்பதை மறந்தால், அதன் பொருள் நமக்குப் பிடிபடாது.

மறுமொழி 2 (கரோல் பாக்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். பாரசீகரை எதிர்க்கப் பல நகரங்கள் சேர்ந்து திரட்டிய கூட்டணி நிதி கி.மு. 454இல் ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது; அதைக் கொண்டு ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் தம் நகரை அலங்கரிக்கிறார் என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. ஆகவே அது பக்தியின் சின்னமாக இருந்த அளவுக்கு ஆதிக்கத்தின் சின்னமாகவும் இருந்தது.

அதே மக்கள்தான் கட்டுமானக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பது என்னை நெகிழ வைக்கிறது. அருகிலுள்ள எரெக்தையோன் கோயிலின் கணக்கில் குடிமக்களும், வந்தேறிகளும், அடிமைகளும் ஒரே வேலைக்கு ஒரே கூலிக்கு எழுதப்பட்டிருக்கிறார்கள் (அடிமையின் கூலி அவன் கைக்குப் போயிருக்குமா என்பது வேறு). தஞ்சைப் பெரிய கோயிலில் கொடுத்தவர் பெயரையும், தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிய பெண்கள்) நானூறு பேரின் பெயரையும் கல்வெட்டில் படித்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

மறுமொழி 3 (துவாரகா)

நான் கட்டுமானப் பொறியாளர். பார்த்தெனான் பின்னர் மரியன்னையின் தேவாலயமாகவும், ஓட்டோமான் ஆட்சியில் மசூதியாகவும் விளங்கியது. ஆகவே வழிபாடு அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்தது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 1687இல் வெனிஸ் படையின் குண்டு, உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தில் விழுந்து நடுப்பகுதியைச் சிதறடித்தது. பழைய கொத்தர்கள் கற்களைப் பிணைத்த இரும்புப் பட்டைகளைச் சுற்றி ஈயம் ஊற்றி நீர் புகாமல் காத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் ஈயமின்றி இரும்பைச் செருகியதால் அது துருவேறிப் பருத்துச் சலவைக்கல்லைப் பிளந்தது. இப்போது அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள்.

ஓட்டோமான் அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பார்த்தெனானிலிருந்து பெயர்த்துச் சென்ற சிற்பங்கள் 1816 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு உரிமையாக இருக்கின்றன. 2009இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில், கோயிலில் இருந்த அதே வரிசையில், எஞ்சிய சிற்பங்களை வைத்து, லண்டனில் உள்ளவற்றின் இடத்தில் வெள்ளைச் சுண்ண வார்ப்புகளை நிறுத்தியிருக்கிறார்கள். பழுப்பேறிய கல்லுக்கு நடுவில் அந்த வெண்மை தனித்துத் தெரிகிறது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே குன்றும் கோயிலும் நிற்கின்றன.