அப்டேட்: சார்ட் பண்ண செல்ஸ் இப்போ உயிரோட இருக்கு

போன தடவை கேட்டிருந்தேன்ல, எலி எலும்பு மஜ்ஜைல இருந்து வளர்த்த மேக்ரோபேஜை (கிருமியை விழுங்குற நோய் எதிர்ப்பு செல்) சார்ட் பண்ணி, அதாவது மெஷின்ல ஒவ்வொரு செல்லா துளில அனுப்பி வேண்டியதை மட்டும் பிரிச்சு எடுத்து, பிளேட்ல போட்டா மறுநாள் பாதிக்கு மேல செத்து மிதக்குதுன்னு, அது சரியாயிடுச்சுங்க, பதில் போட்ட எல்லாருக்கும் மனசார நன்றி.

நிறைய பேர் சொன்ன மாதிரி நாசில்தான் காரணம், அதாவது மெஷின்ல செல்லு திரவத்தோட பீய்ச்சி வெளிய வர்ற துளை. எங்களுக்கு சார்ட் பண்ணித் தர்ற இடத்துல வழக்கமா 70 மைக்ரான் நாசில்தான் மாட்டியிருப்பாங்க, அதுல பிரஷர் சுமார் 70 பிஎஸ்ஐ. லிம்போசைட் மாதிரி சின்ன செல்லு தாங்கிக்கும், ஆனா மேக்ரோபேஜ் பெருசு, நாசில் விட்டம் செல்லை விட அஞ்சு மடங்காவது இருக்கணும்ங்கிறதுதான் பொதுவான கணக்கு. இந்த தடவை 100 மைக்ரான் கேட்டு வாங்கினோம், பிரஷர் 20 கிட்ட இறங்கிடுச்சு. என்ன, துளி உருவாகுற வேகமும் குறையும், அதனால செல்லை மெதுவாத்தான் விடணும், மெஷின் நேரமும் காசும் கூடும், ஆனா என்னைக் கேட்டா அது முழுக்க வொர்த்து.

கூடவே செல்லை மிதக்க விடுற பஃபர்ல ஈடிடிஏ (செல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க), ஹெபிஸ் (பிஹெச் மாறாம இருக்க) ரெண்டும் சேர்த்தோம், ஓட்டுறதுக்கு சரியா முன்னாடி 40 மைக்ரான் வலைல வடிகட்டினோம், கலெக்‌ஷன் ட்யூப் உள்சுவரை சீரம் போட்டு நனைச்சு வச்சோம், இல்லன்னா துளி காஞ்ச பிளாஸ்டிக்ல போய் மோதி ஒட்டிக்குது. செத்த செல்லைக் காட்டிக்கொடுக்கிற டாபி சாயம் போட்டு, செத்ததை முதல்லயே கேட்ல (எந்த செல்லை எடுக்கணும்னு மெஷின்ல போடுற எல்லை) ஒதுக்கிட்டு, சார்ட் முடிஞ்சதும் கொஞ்சூண்டு எடுத்து திரும்ப ஓட்டி ப்யூரிட்டியும் பாத்தாச்சு.

இன்னிக்கு காலைல மைக்ராஸ்கோப்ல பாத்தா எல்லாம் நல்லா ஒட்டி கால் நீட்டிப் படுத்திருக்கு, அவ்ளோ சந்தோஷம்! அடுத்து இதுல இருந்து ஆர்என்ஏ எடுக்கணும், நேரா லைசிஸ் பஃபர்லயே (செல்லை உடைக்கிற கரைசல்) சார்ட் பண்ணவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.